திரும்பிப் பார்க்காமல் போகிற வேலை

எங்கள் வட்டாரத்துப் பறவை ஆர்வலர் குழுவில் உள்ள பிள்ளைகள், "அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, நம்ம மலர்ல போடறோம்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இப்போது கைபேசியிலிருந்தே இயக்குகிற கேமரா வந்துவிட்டது. கூட்டுக்கு எதிரே அதை நட்டுவைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே படம் எடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் பார்த்த வேலை என்ன என்று விளங்கவைப்பதே பெரும்பாடு. ஒரு தம்பி கேட்டான்:

"அந்த ஆராய்ச்சி நிலையத்துல இன்னாவாண்ணே இருந்தீங்க? போட்டோகிராபரா?"

"இல்லப்பா. போட்டோகிராபரை வுட்டுட்டுப் போற ஆளு."

"ஓ, டிரைவரா?"

"நடந்து போற ஆளு."

அவன் மரியாதையாக, "டீ சாப்புடறீங்களாண்ணே" என்று பேச்சை மாற்றிவிட்டான். அதனால் முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

பறவைக்கு எண்ணத் தெரியாது. நான் சம்பளம் வாங்கிப் பெண்ணைப் படிக்கவைத்து வீட்டுக்குத் தளம் போட்டது எல்லாம் இந்த ஓர் உண்மையை வைத்துத்தான். கூட்டில் உட்காரும் பறவையைக் கிட்டத்திலிருந்து படம் எடுக்க, மண் நிறத் துணியில் சின்னக் கூடாரம் ஒன்று போடுவோம். முதல் நாள் தூரத்தில். மறுநாள் கொஞ்சம் கிட்டே. பறவை பழகப் பழக இன்னும் கிட்டே. கடைசியில் ஒரு விடியற்காலையில் ஆள் உள்ளே போய் உட்கார வேண்டும். ஆனால் அவர் போவதைப் பறவை எங்கிருந்தாவது பார்த்துவிடும். பார்த்துவிட்டால், அவர் வெளியே வருகிற வரை கூட்டுக்கு வராது. அதற்காகத்தான் இரண்டு பேர் போவது. இரண்டு பேரும் கூடாரத்துக்குள் நுழைவோம். ஒருவர் கேமராவோடு உட்கார்ந்துகொள்வார். இன்னொருவர் வெளியே வந்து, பறவை நன்றாகப் பார்க்கும்படி நடந்து போய்விடுவார். வந்தார்கள், போய்விட்டார்கள் என்று பறவை நினைத்துக்கொண்டு கூட்டுக்கு இறங்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அதற்கு இல்லை. அந்த இன்னொருவர் நான். விலங்கியலில் பட்டம் வாங்கியவன்.

என் மேலதிகாரி சீனிவாசன் சார். கூடாரத்துக்குள்ளேயே வாழ்ந்ததாலோ என்னவோ, அவருக்குக் கிசுகிசுப்பதைத் தவிர வேறு குரல் இல்லாமல் போய்விட்டது. ஓட்டலில் பொங்கல் கேட்பார், பரோட்டா வரும். பேருந்தில் நிறுத்தம் கேட்பார், நடத்துநர் காதில் விழாமல் அடுத்த ஊரில் போய் இறங்குவார். கோபம் வந்தாலும் அதே குரல்தான். அவரிடம் திட்டு வாங்குவதற்குக்கூட நாம்தான் பக்கத்தில் போய்க் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். திட்டி முடித்ததும், "எல்லாம் கேட்டுதா?" என்பார். கேட்கவில்லை என்றால் முதலில் இருந்து திட்டுவார். ஆகவே கேட்டது என்றே சொல்லிவிடுவோம்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு நடக்கத்தான் கற்றுக்கொடுத்தார். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த திடலில் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பறவை அவர்தான். நான் அவரை விட்டு நடந்து போக வேண்டும்.

"நீ போற மாதிரி நடிக்கிறே. போகல."

"போய்க்கினேதான் சார் கீறேன்."

"கால் போகுது. முதுகு இங்கேயே இருக்கு."

முதுகு இங்கேயே இருக்கிறது என்றால் என்ன என்று விளங்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. பூனை மாதிரி நடக்கக் கூடாது. பதுங்குகிறவன் திரும்பி வருவான் என்று பறவைக்குத் தெரியும். சருகை மிதித்து, இருமி, துண்டை உதறி, சத்தமாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து லேசாகத் திரும்பினாலே காரியம் கெட்டது. "என்ன ஆச்சோன்னு நினைச்சுக்கிட்டு நடந்தா கழுத்து தானாத் திரும்பும். வெங்காயம் வாங்கணும்னு நினைச்சுக்கிட்டு நட" என்பார் சார். அப்படித்தான் நடந்தேன். இன்றைக்கும் வெங்காயம் என்ன விலை என்று யாராவது கேட்டால் கால் தானாக எழுந்துகொள்கிறது.

சில பறவைகளுக்குக் கொஞ்சம் கணக்கு வரும். கூரம் பக்கம் தலை முறிந்த பனை ஒன்றில் ஒரு பனங்காடை பொந்து வைத்திருந்தது. இரண்டு பேர் போய் நான் மட்டும் திரும்பினேன். கம்பியில் உட்கார்ந்து கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, இறங்கவில்லை. மறுநாள் மூன்று பேர் போய் இரண்டு பேர் திரும்பினோம். அப்போதும் இல்லை. சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த சமையல்காரர், காவலாளி, கணக்காளர் எல்லாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். இவ்வளவு பேரும் அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் நுழைந்ததில் அது பிரசவத்துக்கு நிற்கிற பசு மாதிரி வீங்கிவிட்டது. சாரை உள்ளே விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே வந்து வரிசையாக நடந்தோம். பாதி வழியில் கணக்காளர் திரும்பி, "சார் உள்ளே சரியா உட்கார்ந்துட்டாரா?" என்று கேட்டார். பனங்காடை கம்பியை விட்டு எழுந்து கண்ணுக்கு மறைந்தது. அன்று மாலை அந்தக் கணக்காளர் சாரின் மேசைப் பக்கம் வெகுநேரம் குனிந்திருந்ததைப் பார்த்தேன்.

இந்த வேலையில் ஒரு வினோதம் உண்டு. நான் எத்தனையோ ஏரிகளில், எத்தனையோ விடியல்களில் பறவைகளைக் கூட்டுக்கு வரவைத்திருக்கிறேன். ஒரு பறவைகூட வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு கரைமேல் போய்க்கொண்டிருப்பேன். மத்தியானம் சார் வெளியே வந்து கிசுகிசுப்பாகச் சொல்வதுதான் எனக்குச் செய்தி.

வீட்டில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை. கல்யாணமான புதிதில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் என் மனைவி கோமதியை அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் அப்படியே நடந்து வந்துவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்து சீட்டு அம்மாள், "சண்டையாம்மா?" என்று கேட்டாளாம். அதை இன்றுவரை கோமதி மறக்கவில்லை.

பொத்தானில் இயங்குகிற கேமராக்கள் வந்தபிறகு, போகிற ஆளுக்கு நிலையத்தில் வேலை இல்லாமல் போயிற்று. சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். புதிய அதிகாரி நல்ல மனிதர், சத்தமாகவே பேசினார். "விருப்ப ஓய்வு எடுத்துக்கிறீங்களா?" என்றார். இவ்வளவு தெளிவாக ஒருவர் என்னிடம் பேசி வெகுகாலம் ஆகியிருந்ததால் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் கேட்ட அனுபவம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போன கோடையில் நடந்த ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெண் தாரணி படம் எடுக்கப் படித்தவள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பறவைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற ஒரு நிறுவனம் அவளைப் பார்க்க விரும்பியது. ஆள்காட்டிக் குருவி கோடை வெயிலில் முட்டைகளை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை எடுத்து அனுப்பு, நன்றாக இருந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஆள்காட்டி கூடு கட்டாது. வறண்ட ஏரித் தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிட்டுவிடும். வெயில் ஏறினால் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்கும். அதை அசையும் படமாக, வெளிச்சம் மாற மாற, ஆள் கூட இருந்துதான் எடுக்க முடியும் என்றாள் தாரணி. ஆகவே பழையபடி கூடாரம். ஆகவே போகிற ஆள் ஒருவர் வேண்டும்.

சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர் ஏரி. தண்ணீர் வற்றி ஒரு மூலையில் கோரைப்புல்லுக்குள் ஒதுங்கியிருந்தது. மீதி எல்லாம் வெடித்த தரை. நடுநடுவே லாரிக்காரர்கள் மண் எடுத்த பள்ளங்கள், ஒரு பனை ஆழத்துக்கு, பச்சைத் தண்ணீரோடு. என் கவலை எல்லாம் அந்தப் பள்ளங்கள்தான். இருட்டில் போய், இருட்டில் உட்காருகிற வேலை.

"நைனா, நீ என் கூட வர்றதே போறதுக்குத்தான். தெரியுதா?" என்றாள் முதல் நாள்.

"எனக்கே சொல்றியா? என் உத்தியோகமே அது."

கூடாரத்துக்குள் நுழைந்தோம். அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து, சருகு மிதித்து, இருமி, துண்டை உதறி, கரைமேல் ஏறினேன். கழுத்து திரும்பவில்லை. கரையைத் தாண்டி இறங்கியதும், அந்தப் பக்கத்தில் இருந்த பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மரத்துக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதில் சேராது என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆள்காட்டி வானத்தில் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. கைபேசியில் செய்தி வந்தது.

"நைனா, நீ இன்னும் போவல."

"போயிட்டேன்மா" என்று எழுதினேன்.

"பின்ன இன்னாத்துக்கு உன் தலைக்கு மேலயே சுத்திக்கினு கீது?"

அண்ணாந்து பார்த்தேன். சரியாக என் தலைக்கு மேலேதான் இருந்தது.

மதகுக்குப் பின்னால் போனேன். அங்கேயும் வந்தது. சாலை ஓரம் நின்ற டிராக்டருக்குப் பின்னால் போனேன். அங்கேயும். கடைசியில் கரைக்கு அந்தப்புறம் இருக்கிற டீக்கடைக்கே போய்ச் சேர்ந்ததும்தான் சத்தம் அடங்கியது. அதன்பின் தினமும் அங்கேதான் உட்கார்ந்தேன். கோமதி வீட்டிலிருந்து போன் செய்து, "போயிட்டியா?" என்பாள். போய்விட்டேன் என்று நான் சொன்னால் அவள் நம்புவதற்கு டீக்கடை மாஸ்டர் பேச வேண்டியிருந்தது.

கடைசி நாள். அன்று மாலைக்குள் தாரணி படத்தை அனுப்ப வேண்டும். முட்டைகளும் பொரிகிற கட்டத்துக்கு வந்துவிட்டன. வயிறு நனைத்து வருகிற காட்சி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. வழக்கம்போல் அவளை விட்டுவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். விடிந்தது. ஆள்காட்டி சத்தம் ஒன்றுகூட இல்லை. சத்தம் இல்லையென்றால் பறவை உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலையில் இருந்த காலத்தில் அதைவிட நல்ல சேதி எனக்குக் கிடையாது. அன்றைக்கு எனக்கு மண் எடுத்த பள்ளங்கள்தான் கண்ணில் நின்றன. போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தாள். மறுபடி செய்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. என்ன ஆனாலும் சரி என்று எழுந்து ஏரிக்குள் இறங்கிவிட்டேன்.

ஆள்காட்டி எங்கிருந்தோ எழுந்து கத்தியது. நான் நேராகக் கூடாரத்துக்குப் போய்த் துணியை விலக்கினேன். உள்ளே கேமராப் பை இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. செருப்பு இருந்தது. பெண் இல்லை.

அதற்குப் பின் என்ன செய்தேன் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேராக மண் எடுத்த பள்ளத்தின் விளிம்புக்கு ஓடியிருக்கிறேன். அங்கிருந்து, "தாரணி, ஐயோ தாரணி, யாராவது வாங்களேன்" என்று கத்தியிருக்கிறேன். வேலைக் காலம் முழுவதும் நான் சேர்த்துவைத்திருந்த சத்தம் மொத்தமும் அன்று வெளியே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏரியில் இருந்த கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து வானத்தை மறைத்தன.

வரத்துக் கால்வாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த பெண்கள் மண்வெட்டியும் மண் சுமக்கிற பாண்டுமாக ஓடிவந்தார்கள். முன்னால் எங்கள் ஊர் மல்லிகா, பின்னால் மற்றவர்கள். பால்காரர் சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு வந்தார். ஏரி மீனை ஏலம் எடுத்திருக்கும் காதர் பாய் தன் மொபெட்டோடு தரையிலேயே இறங்கிவிட்டார். ஒரு நாயும் வந்தது. எல்லாரும் என்னைச் சுற்றி நாலு திசையிலும் ஓடினார்கள்.

"எந்தப் பள்ளம்? இதுவா, அதுவா?"

"மூங்கில் கொண்டா. எவனுக்குடா நீச்சல் தெரியும்?"

"பாய்க்குத் தெரியும்."

"எனக்கு மீன் விக்கத்தான்மா தெரியும்."

அப்போது மல்லிகாவுக்குப் பக்கத்தில், வெடித்த தரை மெதுவாக எழுந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை மண் நிறத் துணி போர்த்தி, முகத்தில் சேறு பூசி, கையில் கேமராவோடு என் பெண். மல்லிகா பாண்டைக் கீழே போட்டாள். இரண்டு பேர் சாமி பெயரைச் சொன்னார்கள். தாரணி எங்கேயும் போகவில்லை. தரைமட்டத்தில் இருந்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று, பறவை தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துக் கூடாரத்தின் பின்வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து குப்புறப் படுத்திருக்கிறாள். நான் வந்ததைப் பார்த்தாள். கூப்பிட்டால் பறவை கலைந்துவிடும், நைனாவுக்குத் தெரியாதா, பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். நான் கத்த ஆரம்பித்த பிறகு அவள் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. ஓர் அடி எடுத்தேன்.

"நைனா, நவுராத" என்றாள். "யாரும் நவுராதீங்க. காலு எப்பிடிக் கீதோ அப்பிடியே வுடுங்க. முட்டை கீது."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். நாய்கூட நின்றது.

"முட்டையா? எவ வெச்ச முட்டை?" என்றாள் மல்லிகா, குரல் இறங்கிப்போய். எங்கள் பக்கம் தரையில் கிடக்கிற முட்டை என்றால் யாரோ யாருக்கோ செய்வினை வைத்தது என்றுதான் முதலில் தோன்றும்.

"குருவி வெச்சதுக்கா."

"அப்பிடிச் சொல்லு. நானு பயந்தே பூட்டேன்."

"ஏம்மா, நான் ஒத்தக் காலத் தூக்கிக்கினு கீறேன். எம்மாந்நேரம் நிக்கறது? நான் இன்னா கொக்கா?" என்றாள் பின்னால் ஒருத்தி.

தாரணி குனிந்து கண்ணால் தரையைத் துழாவிக்கொண்டே வந்தாள். மல்லிகா போட்ட பாண்டுக்கும் அவள் கால் விரலுக்கும் நடுவில், ஒரு சாண் இடைவெளியில், நாலு முட்டைகள். கூழாங்கல்தான் என்று நானும் சொல்லியிருப்பேன். தாரணி என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அண்ணாந்து கரைப் பக்கம் பார்த்தாள். வெயில் கரைமேல் வந்துவிட்டது. பறவை வந்து உட்காராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துவிடும். பறவை இல்லையென்றால் படம் இல்லை, அவள் வேலையும் இல்லை. மேலே ஆள்காட்டி இரண்டும் கத்திக்கொண்டு சுற்றின.

"நைனா, இவங்கள எல்லாம் இட்டுக்கினு போ. உனக்குத்தான் போவத் தெரியும். நான் கும்பலோட கும்பலா கூடாரத்துக்குள்ள நுழஞ்சிக்கிறேன். குருவிக்குத் தெரியாது."

"உன்ன இங்க வுட்டுட்டா?"

"என்ன வுட்டுட்டுதான்."

நான் எல்லாருக்கும் முறையை விளக்கினேன். முட்டைப் பக்கம் தாண்டும் வரை அவரவர் வந்த கால் தடத்திலேயே கால் வைக்க வேண்டும், பிறகு கூடாரம் வழியாகக் கூட்டமாகப் போக வேண்டும். பதுங்கக் கூடாது. பேசிக்கொண்டே போகலாம். என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"முச்சந்தியில திருஷ்டி சுத்திப் போட்டுட்டு வர்ற மாதிரியா?" என்றாள் மல்லிகா.

"அதே மாதிரிதான்."

"அத மொதல்லயே சொல்றதுதானே."

எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்த பாடம் அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"மனசுல வேற ஏதாவது நெனச்சிக்கினே போங்க" என்றேன். "வூட்டு வேல, சமையல், அந்த மாதிரி."

"வூட்டு வேலய நெனச்சா நான் அந்தப் பக்கமே போவமாட்டேனே" என்றாள் ஒற்றைக் காலில் நின்றவள்.

கூட்டமாகக் கூடாரத்தை உரசிக்கொண்டு நடந்தோம். தாரணி எந்த நொடியில் உள்ளே நுழைந்தாள் என்று எனக்கே தெரியவில்லை. நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் மண்வெட்டி, பாண்டு, பாய் தள்ளிக்கொண்டு வந்த மொபெட், நாய். அவ்வளவு பேரில் ஒருவர் கழுத்தும் திரும்பவில்லை. என் கழுத்துதான் கயிறு கட்டி இழுத்த மாதிரி வலித்தது. வெங்காயத்தை நினைத்துப் பார்த்தேன். வெங்காயத்தில் எல்லாம் பச்சைத் தண்ணீர் தெரிந்தது.

டீக்கடை பெஞ்சுகள் ஏரியைப் பார்த்துப் போடப்பட்டவை. பால்காரர் அவற்றைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். யாரும் சொல்லவில்லை, எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். சுவரில் ஒரு பழைய காலண்டரும் டீக்கறையும் இருந்தன. இடம் போதாதவர்கள் தரையில், அவர்களும் சுவரைப் பார்த்தபடி.

"இன்னா மாஸ்டர், வந்துச்சா பாரு" என்றாள் மல்லிகா.

"நானும் பாக்கக் கூடாதுன்னுதானே இங்க திரும்பி டீ ஆத்தறேன்" என்றார் மாஸ்டர்.

ஆள்காட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிற வரை அது உட்காரவில்லை. வெயில் முதுகில் ஏறியது. பிறகு சத்தம் சட்டென்று நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது? உட்கார்ந்துவிட்டாலும் அமைதிதான். வெறுத்துப்போய் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிட்டாலும் அமைதிதான். என் பெண் கூடாரத்துக்குள் இருக்கிறாளா, மறுபடி எங்கேயாவது தவழ்ந்து போய்விட்டாளா, அதுவும் அமைதிதான். டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"வுடுங்க, உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்றார் காதர் பாய். "பேஜாராவாதீங்க." நான் தலையை ஆட்டினேன்.

கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதன் வழியாக ஏழுமலை வந்தார். எங்கள் ஊர்க்காரர், வாயைத் திறக்காத மனிதர். தோளில் ஈரக் கோணிப்பை. எங்களைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்:

"ஒக்காந்துடுச்சி."

"எது?"

"உன் குருவிதான். ரெண்டு தபா தண்ணிக்கு வந்து வயித்த நனச்சிக்கினு போயி முட்டை மேல ஒக்காந்துச்சி. பொண்ணு கூடாரத்துக்குள்ள கீது. கேமரா மூக்கு வெளிய நீட்டிக்கினு, அது பாட்டுக்குப் புடிச்சிக்கினு கீது. நீ டீயக் குடி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். காதர் பாய் மட்டும் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ எங்கேருந்து பாத்த ஏழுமல?"

ஏழுமலை கோணிப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இத்தினி பேரு எறங்குனோம். உன்ன யாரும் பாக்கலியே."

"கோரைக்குள்ள இருந்தேன் பாய்."

"கோரைக்குள்ள இன்னா வேல?"

கோணிப்பை தானாக ஒரு துள்ளு துள்ளியது. பையிலிருந்து தண்ணீர் பாயின் செருப்பில் சொட்டியது.

"பொழுது விடியறதுக்கு மின்னியே அங்க போயி ஒக்காந்துக்குவேன் பாய். குருவிங்களுக்கு நானு பழகிப்பூட்டேன். அதுங்க என்ன ஆளாவே மதிக்கறதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ, நான் கத்துனப்ப எம் பொண்ணு படுத்திருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு நேரா எதுத்தாப்புலதான் படுத்துக்கினு கெடந்துச்சி."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா பாய்க்குத் தெரிஞ்சிடுமே." தலையைக் குனிந்துகொண்டார். "இப்பவும் சொல்லாம பின்வழியா பூடலாம்னுதான் வந்தேன். நீ ஒக்காந்துகினு கீறதப் பாத்தேன். மனசு கேக்கல."

காதர் பாய் பையை எட்டிப் பார்த்தார். "விராலா?"

"விராலுதான்."

"எத்தினி நாளா?"

"நீங்க ஏலம் எடுத்ததுலேர்ந்து."

பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் என்ன செய்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். காலண்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாஸ்டர், இவனுக்கும் ஒரு டீ போடு" என்றார். "சக்கர போடாத."

ஏழுமலை அந்தக் கசப்பு டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

தாரணிக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்போது குஜராத் பக்கம் ஏதோ உப்பளத்தில் பூநாரை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளைக் கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டு நடந்து போக ஓர் ஆள் இருக்கிறானாம். நன்றாக நடக்கிறானா என்று கேட்டேன். பிரமாதமாக நடக்கிறான், ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவன் போன் நம்பரைக் கொடு, ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்கிறேன்.

"இன்னாத்துக்கு நைனா? அவனுக்குப் போன் பண்ணி, கொஞ்சம் திரும்பிப் பாருப்பான்னு சொல்லுவியா?"

சொல்லமாட்டேன் என்று கோமதி தலைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். நம்பர் இன்னும் வந்தபாடில்லை.